தையல் பிரியாது: மார்பக அறுவைக்குப் பின் தோளை மீட்கும் வழி

என் தையல் அறையின் கிழக்குச் சுவரில், ஜன்னலுக்கும் நூல் அலமாரிக்கும் நடுவில், துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் இழுத்த சின்னச் சின்னக் கோடுகள் இருக்கின்றன. அடிக்கோடு தரையிலிருந்து 52 அங்குலம். உச்சிக்கோடு 74½. போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அந்த இருபத்திரண்டரை அங்குலத்தை ஏற என் வலது கைக்கு ஒரு வருடம் பிடித்தது. முதல் ஐந்து வாரங்களை நான் வீணாக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

வேலூர் கொசப்பேட்டையில் இருபது வருடங்களுக்கு மேலாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைத்துக் கொடுக்கிறேன். 2022 மார்ச்சில் மார்பகப் புற்றுநோய்க்காக என் வலது மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்தார்கள். கீமோ அதற்கு முன்பே முடிந்திருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, என்ன பயிற்சி, எத்தனை தடவை என்று படம் போட்ட தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

என் மாமியார் என்மேல் உயிரையே வைத்திருப்பவர். "கையை ஆட்டாதேம்மா, தையல் பிரிந்துவிடும்" என்று தண்ணீர்ச் சொம்பைக்கூட என் வாயருகே கொண்டுவந்தார். நானும் அதை நம்பினேன். தையல்காரியின் கைக்குத் தெரிந்த முதல் பாடமே அதுதான்: இழுத்தால் தையல் விட்டுப்போகும். இறுக்கமான ஜாக்கெட் முதலில் அக்குளில்தானே கிழிகிறது? முழங்கையை விலாவோடு ஒட்டி, இடது கையால் தாங்கிப் பிடித்தபடி ஐந்து வாரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் நடுவில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். நம் பக்கத்தில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்கிறோமே, அதற்குத்தான். மேசையில் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் ஒரு தாங்கியில் வைத்து, அசையாமல் இருக்க வேண்டும். கதிர் போகும் வழியில் கை குறுக்கே வரக் கூடாது. என் கை தோள் உயரத்தைத் தாண்டவே இல்லை. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, தேதியைத் தள்ளிவைத்து இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார்கள். புற்றுநோய்க்கான சிகிச்சை என் தோளுக்காக மூன்று வாரம் காத்திருந்தது. அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. இதைப் படிக்கும் ஒருவருக்காவது அப்படிப்பட்ட மூன்று வாரம் வராமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அறுவை வேறு மாதிரி இருக்கலாம். கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். மார்பை மறுபடி அமைத்திருந்தால் விதிகளே வேறு. உங்கள் மருத்துவர் சொன்னதும் நான் சொல்வதும் வேறுபட்டால் மருத்துவர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தோள் ஏன் இறுகுகிறது

என் இயன்முறை மருத்துவருக்கு என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தை அவளிடம் சொன்னபோது, "அக்கா, துணி தன்னைத் தானே தைத்துக்கொள்ளாது, உடம்பு தைத்துக்கொள்ளும். பத்துப் பதினான்கு நாளில் தோல் கூடிவிடும். நீங்கள் கையை அசைக்காவிட்டால் உள்ளே சுருங்கிக் கூடிவிடும்" என்றாள்.

எனக்கு அது உடனே விளங்கியது. புதுப் பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துப்போடுவோம். ஈரமாக இருக்கும்போதே இழுத்து உதறிக் கொடியில் போட்டால் நேராக நிற்கும். கசங்கிக் காய்ந்த பிறகு எவ்வளவு இழுத்தாலும் அந்தச் சுருக்கம் முழுசாகப் போகாது. தழும்பும் அதுபோல் ஆறும்போது சுருங்குகிறது. மார்பின் முன்தசை குறுகுகிறது. அசையாத மூட்டின் உறை இறுகுகிறது. கதிர்வீச்சு இவை எல்லாவற்றையும் இன்னும் கொஞ்சம் இறுக்கும். அதுவும் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் கழித்துத் தெரியும்.

பிரிட்டனில் 392 பெண்களைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். முடிவு 2021இல் வந்தது. தோள் இறுகும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு அறுவை நடந்த ஏழு முதல் பத்து நாளில் இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்துப் பயிற்சியைத் தொடங்கியபோது, ஒரு வருடம் கழித்து மற்றவர்களைவிட அவர்களுக்குக் கை நன்றாக வேலை செய்தது. ஏழு முதல் பத்து நாள்! நான் ஐந்து வாரம் கழித்துத்தான் கையை அசைத்தேன்.

குழாய் இருக்கும் நாட்கள்

அறுவைக்கு மறுநாளே செய்யக்கூடியவை உண்டு. விரல்களை மடக்கி விரிப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, இரண்டு தோளையும் காதுப் பக்கம் தூக்கிப் பின்பக்கமாக உருட்டி இறக்குவது, வயிறு உப்ப மூச்சு இழுத்து மெல்ல விடுவது. ஒவ்வொன்றும் ஐந்து முதல் பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை.

அக்குளில் நீர் வடியும் குழாய் இருக்கும்வரை, பெரும்பாலும் முதல் ஏழு முதல் பத்து நாள், முழங்கை தோள் மட்டத்துக்கு மேலே போக வேண்டாம். தையல் பிரியும் என்பதற்காக இல்லை. முன்கூட்டியே உயரத் தூக்கினால் உள்ளே நீர் அதிகம் சேரும். தினமும் எத்தனை மில்லி வடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். எடுத்த பிறகும் நீர் கோத்துப் பை மாதிரி தொங்கினால் பயப்பட வேண்டாம், போய்க் காட்டுங்கள், ஊசியால் உறிஞ்சிவிடுவார்கள்.

அந்தக் குழாயின் டப்பாவைப் புடவையில் ஊக்கு குத்தித் தொங்கவிடாதீர்கள். ஒரு சாண் அகலத்தில் சுருக்குப்பை ஒன்று தைத்து, நீள நாடா போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு கையும் விடுதலையாகிவிடும். குழாயைப் பிடித்துக்கொண்டே இருக்கும் கைதான் முதலில் அசைவை மறக்கிறது.

சாப்பிடுவதும் பல் துலக்குவதும் அறுவை நடந்த பக்கத்துக் கையாலேயே நடக்கட்டும். கீமோவில் எனக்கு முடி கொட்டிப்போயிருந்ததால் தலை வாரும் வேலை இல்லை. நெற்றிக்குப் பொட்டு வைப்பதையாவது வலது கையால் செய்திருக்கலாம். அதைக்கூட மாமியார் வைத்துவிட உட்கார்ந்திருந்தேன். வீட்டில் உள்ளவர்களுக்கு உங்கள்மேல் பாசம் இருந்தால் குடத்தைத் தூக்கட்டும், துவைத்த துணியைப் பிழியட்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். முதல் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோவுக்கு மேல் உங்களுக்கு வேண்டாம். பொட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும்போதும் படுக்கும்போதும் கைக்குக் கீழே தலையணை இருக்கட்டும். கையைத் தூளியில் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

சுவர்

குழாயை எடுத்து, மருத்துவரும் சரி என்ற பிறகு சுவருக்குப் போகலாம். இதுதான் பெரிய பயிற்சி, செலவே இல்லாதது.

சுவரைப் பார்த்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முதலில் நல்ல கையின் விரல்களைச் சுவரில் எறும்பு ஏறுவதுபோல் ஏற்றி, எட்டும் இடத்தில் கோடு போடுங்கள். எனக்கு அது 76 அங்குலம். அதுதான் போய்ச் சேர வேண்டிய இடம். பிறகு அறுவை நடந்த பக்கத்துக் கை. விரல்கள் மெல்ல ஏறட்டும். இழுப்பு வரும் இடத்தில் நின்று ஐந்து மூச்சு விடுங்கள். இன்னும் ஒரு விரலளவு போக முடிகிறதா என்று பாருங்கள். இறங்கும்போதும் விரல்களால் நடந்தே இறங்குங்கள். கையைத் தொப்பென்று போடாதீர்கள். ஐந்து தடவை செய்து, பழகியதும் பத்தாக்குங்கள். காலை, மதியம், மாலை.

இரண்டு தப்பு எல்லோரும் செய்கிறோம். தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு கை உயர்ந்துவிட்டது என்று நினைப்பது ஒன்று. முதுகைப் பின்னால் வளைத்து ஏமாற்றுவது இன்னொன்று. பக்கத்தில் ஒருவரை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது மகள்தான் எனக்கு அந்தக் காவல்.

முன்பக்கம் சரளமான பிறகு, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று ஏற்றுங்கள். இது கடினம். முன்பக்கம் 60 அங்குலம் போனபோது பக்கவாட்டில் எனக்கு 54தான் வந்தது.

தினமும் கோடு போட்டேன் என்றாலும் தினமும் அளக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இஞ்ச் டேப். முதல் வாரம் 54½, இரண்டாம் வாரம் 58, மூன்றாம் வாரம் 63. அதோடு கை கதிர்வீச்சு மேசையின் தாங்கிக்குப் போய்விட்டது.

அதற்கு அதிகம் உதவியது படுத்துச் செய்யும் பயிற்சி. துணி அளக்கும் மரக்கோலை எடுத்துக்கொண்டு, முழங்காலை மடக்கி மல்லாந்து படுப்பேன். இரண்டு கையாலும் கோலைப் பிடித்து, இடது கை வலது கையைத் தூக்கிச் செல்ல, தலைக்கு மேலே கொண்டுபோய் ஐந்து எண்ணுவேன். பிறகு கோலை வைத்துவிட்டு, இரண்டு கையையும் பிடரிக்குக் கீழே கோத்து, முழங்கைகளைப் பாயை நோக்கி விரிய விடுவேன். மேசையில் படுக்கும் நிலையும் ஏறக்குறைய இதுதான். கதிர்வீச்சு காத்திருப்பவர்கள் இதை ஒரு நாளும் விடக் கூடாது.

தையல் மிஷினில் உட்கார்ந்தபடி இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் பின்னால் நெருக்கி ஐந்து எண்ணி விடுவது, துண்டின் இரு முனையை முதுகுக்குப் பின்னால் மேலும் கீழும் பிடித்து இழுப்பது ஆகியவை அப்புறம் சேர்ந்தன.

இழுப்பா, வலியா?

இதைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். இழுப்பு கையை இறக்கியதும் சில நிமிடத்தில் அடங்கும். அது வேண்டும். குத்தும் வலி வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மறுநாள்வரை வலி நீடித்தால் நேற்று செய்ததில் பாதி செய்யுங்கள், பூஜ்யத்துக்குப் போகாதீர்கள். மருத்துவர் வலி மாத்திரை கொடுத்திருந்தால் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம். குளித்தவுடன் செய்தால் தசை இளகியிருக்கும். வேலூர் ஏப்ரலில் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீர்தான், தனியாகக் காய்ச்ச வேண்டியதில்லை. ஆனால் அக்குளிலும் மேல்கையின் உள்பக்கத்திலும் உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். அங்கே ஒத்தடம் கொடுத்தால் சுட்டுப் புண்ணாவதுகூடத் தெரியாது. அறுவையின்போது அங்குள்ள நரம்பு அறுபடுவதால்தான் இந்த மரப்பு. எனக்குப் பாதி திரும்பியது, மீதி அப்படியே இருக்கிறது.

பயிற்சி தொடங்கிய பிறகு ஒரு நாள் கையை நீட்டினால் அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் கயிறு மாதிரி விறைத்து நின்றது. பாவாடை நாடாவை இழுத்தால் இடுப்புத் துணி சுருங்குமே, அப்படித் தோல் சுருங்கியது. நோய்தான் திரும்பிவிட்டது என்று அழுதேன். அது நோய் இல்லை. நெறிக்கட்டி எடுத்தவர்கள் பலருக்கும் முதல் சில வாரங்களில் வருவது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தளர்ந்துவிடும். பயிற்சியை நிறுத்தாமல், மெதுவாக, முழங்கையை நீட்டியபடி செய்ய வேண்டும். நீங்களாக அதை அழுத்தி அறுக்க முயலாதீர்கள்.

உறவுக்காரர் ஒருவர் எலும்பு வைத்தியரைக் கூட்டிவந்து எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்றார். வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பினேன். நெறிக்கட்டி எடுத்த கையை அழுத்தி உருவக் கூடாது. புண் முழுக்க ஆறி, ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து, தழும்பின்மேல் இரண்டு விரலால் தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்ல வட்டமிடலாம். கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் அந்த இடத்தில் எண்ணெயோ பவுடரோ கேட்காமல் தொடக் கூடாது.

முதுகில் ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு மட்டும் சிறகுபோல் துருத்தி நின்றால் அதற்குத் தனி காரணம் உண்டு. மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கோடு இறங்கிய தீபாவளி

கதிர்வீச்சு நாட்களிலும் அதற்குப் பிறகும் விடாமல் செய்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நினைக்காமலே வலது கையை உயர்த்தி மேல்கம்பியைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் எந்தக் கை என்று பார்த்தேன். அந்தப் பாகாயத்தில்தான் டாக்டர் மேரி வர்கீஸ் தொடங்கிய மறுவாழ்வு மையம் 1966 முதல் இருக்கிறது. 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் அவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். அவர் இருந்த ஊரில் பிறந்தும், அசைவுதான் மருந்து என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் கோடு 72. அதன்பின் தீபாவளித் துணிகள் குவிந்தன. நாற்பது நாள் நானும் பெண்களும் இரவு பகலாகத் தைத்தோம், சுவர்ப் பக்கம் போகவில்லை. தீபாவளிக்கு மறுநாள் ஏற்றினால் 69½. கதிர்வீச்சின் இறுக்கம் இப்படித்தான் தாமதமாக வந்து பிடிக்கும். கை சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நாளுக்கு ஒரு வேளையாவது, குறைந்தது இரண்டு வருடம். நான் இன்னும் செய்கிறேன்.

வீக்கம்

நெறிக்கட்டிகள் போன கையில் நிணநீர் தேங்கி வீக்கம் வரலாம். சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். கை கனப்பது, வளையல் இறுகுவது, ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் பிடிப்பது என்று ஆரம்பத்தில் மெல்லத்தான் தெரியும். என்னிடம் வருகிறவர்களில் ஒருவர் 'இந்தக் கையை மட்டும் சின்னதாகத் தைத்துவிட்டாய்' என்றார். அளந்தேன். நான் சரியாகத்தான் தைத்திருந்தேன். மறுநாளே அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

மாதம் ஒரு முறை, ஒரே நேரத்தில், இரண்டு கையையும் அளந்து எழுதுங்கள். மணிக்கட்டு எலும்பில் ஒன்று, அங்கிருந்து 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மேல்கைவரை. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. இரண்டு கைக்கும் இருந்த வித்தியாசம் எந்த இடத்திலாவது 2 சென்டிமீட்டர் கூடினால் காத்திருக்காதீர்கள்.

அந்தக் கையில் கீறலும் சூடும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஊசி வேலைக்கு விரலில் இரும்புத் தொப்பி மாட்டாமல் உட்காருவதில்லை. ஊசி போடுவதும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் முடிந்தால் மறு கையில் இருக்கட்டும். கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. விடியட்டும் என்று படுக்காதீர்கள்.

இனி வாழ்நாள் முழுக்க எடை தூக்கவே கூடாது என்று முன்பு சொல்வார்கள். ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மேற்பார்வையோடு மெல்ல மெல்ல எடை கூட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று 2009இல் தெரியவந்தது. நான் மருத்துவரைக் கேட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினேன். கரி போட்ட இஸ்திரிப் பெட்டியைத் தூக்க எட்டு மாதம் ஆனது. இப்போதும் தொடர்ந்து அரை மணிக்கு மேல் அதைப் பிடிப்பதில்லை.

ஜாக்கெட்

கை உயராத நாட்களுக்கு முன்பக்கம் முழுக்கத் திறக்கும் ஜாக்கெட்தான் சரி. மெல்லிய பருத்தித் துணி. அக்குள் வெட்டு வழக்கத்தைவிட ஓர் அங்குலம் தாராளம். தையல் விளிம்பு உள்ளே உரசாமல் மடித்து அடிக்க வேண்டும். கொக்கி பெரியதாக, ஒரு கையாலேயே போடும்படி. மாட்டும்போது முதலில் அறுவைப் பக்கத்துக் கை, கழற்றும்போது அது கடைசி.

மார்பு எடுத்த பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைப்பேன். புண் ஆறும்வரை அதில் வெறும் பஞ்சு. ஆறிய பிறகு, மறுபக்கத்துக்கு ஈடான கனம் வரும்படி நிரப்பிய திண்டு. கனம் சமமாக இல்லாவிட்டால் ஒரு தோள் ஏறி, முதுகு சாய்ந்து, சுவரில் ஏறிய கோடெல்லாம் மெல்ல இறங்கும். அழகுக்கு மட்டும் செய்வதில்லை அது.

சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து லாட்ஜுகளில் தங்கியிருக்கும் பெண்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவர்களுக்குப் புரியாது. ஜாக்கெட்டைப் போடவைத்து, சுவருக்குக் கூட்டிப்போய், என் கோடுகளைக் காட்டுவேன். விரலால் ஏறிக் காண்பிப்பேன். அவர்களும் ஏறுவார்கள். அக்குளில் துணி எங்கே பிடிக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் பிரித்து, அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் விட்டுத் தைத்துக் கொடுப்பேன்.